வீட்டுக்காரி பெயருக்கு ஒரு பத்திரிகை

கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்த வீடு சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. மாடியில் நாங்கள், கீழே அச்சகம். முதல் வாரமே என் புதுப்புடவை ஒன்றில் மை பட்டுவிட்டது. தேய்த்துப் பார்த்தேன், ஊற வைத்துப் பார்த்தேன், போகவில்லை. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "அது போவாது. இனிமே கலர் புடவையா வாங்கிக்க" என்றார். அவ்வளவுதான் அவர் ஆறுதல்.

ஆம்பிளைகள் பேசுகிற மாதிரி அவர் பேசமாட்டார். எழுத மட்டும் எழுதுவார். பகலில் வேறொரு பெரிய அச்சகத்தில் எழுத்துக் கோப்பது அவர் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வாரப் பத்திரிகை. அச்சு இயந்திரமும் கட்டடமும் அவருடைய கூட்டாளிக்குச் சொந்தம். நாகூர்ப் பக்கத்திலிருந்து சிறு வயதில் கப்பலேறி வந்த ஜவுளி வியாபாரி அவர். நான் அவரை நானா என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் தங்கச்சி. ரசீதுப் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும் அடிப்பதற்காக வாங்கிய இயந்திரத்தில் செய்திப் பத்திரிகை அடிக்கலாமே என்று என் கணவர் ஒரு நாள் சொன்னாராம். அன்றைக்கு ஏன் தலையாட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை என்று நானா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு பக்கப் பத்திரிகை. கட்சி கிடையாது, முதலாளி கிடையாது. ஊரில் பெரிய பத்திரிகைகள் இருந்தன, அவை உலகத்தைச் சொல்லும். எங்களுடையது பக்கத்து லைன் வீடுகளைச் சொல்லும். நாகப்பட்டினத்துக் கப்பல் எப்போது வருகிறது, எந்தப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறார்கள், தைப்பூசத்துக்கு எங்கே தண்ணீர்ப் பந்தல், எந்தத் தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் இல்லாமல் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், யார் இறந்துபோனார்கள். நான் கல்யாணத்துக்கு முன்பு ஒரு தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள். அதனால் பிழை பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஈய எழுத்து தலைகீழாக நிற்கும். அதைத் தலைகீழாகவே படிக்கப் பழகிக்கொண்டேன்.

சனிக்கிழமை சந்து களைகட்டும். பத்திரிகைக் கட்டை அவிழ்த்ததும் முடிதிருத்தும் கடைக்கு, தேக்கா சந்தை வாசலில் வெற்றிலை விற்பவருக்கு, முக்கு சரபத் கடைக்கு என்று பிரித்துக் கொடுப்போம். சரபத் கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், அஞ்சடி என்போம், பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்பார்கள். சாவுச் செய்தி வந்தால் எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் இறந்தவரைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். மாடிச் சன்னலிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் திருத்திய வரி இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

வம்பு ஒரு தண்ணீர்க் குழாயிலிருந்து வந்தது. துப்புரவு வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு வசித்த ஒரு லைன். வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நடுவில் ஒரே குழாய். அது பாதி நாள் ஓடாது. பெண்கள் குடத்தோடு அடுத்த தெருவரைக்கும் நடக்க வேண்டும். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். அடுத்த வாரமும் எழுதினார். அதற்கடுத்த வாரம், "குழாய் இன்னும் ஓடவில்லை" என்ற ஒரே ஒரு வரியைப் பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் போட்டார். சரபத் கடையில் அதைப் படித்ததும் கூட்டம் சேர்ந்தது. வேலைக்குப் போகாமல் நிற்கலாம் என்றார் ஒருவர், வேண்டாம் என்றார் இன்னொருவர். சத்தம் பெரிதாகிச் சாலையில் பஸ் நின்றுவிட்டது. போலீஸ் வண்டி வந்தது. கூட்டம் கூடினாலே சந்தேகப்படுகிற காலம் அது. எல்லாரையும் கலைத்து அனுப்பிவிட்டார்கள். யாருக்கும் அடி உதை இல்லை. நல்லவேளை என்றுதான் நினைத்தோம்.

பத்திரிகை நடத்த ஒவ்வொரு வருஷமும் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் என் கணவர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பியபோது நானாவும் நானும் கீழே காத்திருந்தோம்.

"குடுத்தாங்களா, இல்லையா?" என்று கேட்டார் நானா.

"குடுத்துட்டாங்க. ஆனா கடையில விக்கக் கூடாது. ரோட்டுல விக்கக் கூடாது. கோயில் வாசல், பள்ளிவாசல் வாசல், எங்கயும் கூடாது. சந்தாதாரர் பேரு, விலாசம் எழுதி வச்சு, அவங்க வீட்டுக்கு மட்டும்தான் குடுக்கணும்."

"அப்ப வேணாம்னு நேரா சொல்லியிருக்கலாமே!"

என் கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எழுத்துப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அச்சடிக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. சந்தைக்கு வரும் மனுஷன் கையில் அது போய்ச் சேரக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை சந்து வெறிச்சோடிக் கிடந்தது. சரபத் கடைக்காரர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தபாலில் அனுப்பலாம் என்றால் லைன் வீடுகளுக்கு வரும் தபால் எல்லாம் முதலில் லைனைக் கவனிக்கும் குமாஸ்தாவான கிராணியின் மேசைக்குத்தான் போகும். அவர் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தா கேட்கப் போனார். வருஷக்கணக்காகப் படித்த ஆட்கள்தான். "பேப்பர் வேணும்ணே, பேரு மட்டும் எழுதாதீங்க" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. துறைமுகம், நகராட்சி, கடற்படைத் தளம் என்று எல்லாருக்கும் அரசாங்கச் சோறு. பட்டியலில் பெயர் இருந்தால் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்ற பயம். ஒரு வாரம் முழுக்கச் சுற்றியும் விரல்விட்டு எண்ணும்படிதான் ஆட்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் சொந்தக் கடை வைத்திருந்தவர்கள்.

நானா ஒரு நாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து, "நிறுத்திருவோம் தம்பி" என்றார். "கல்யாணக் கார்டு அடிப்போம். நிம்மதியா இருக்கும்." என் கணவர் எழுத்துக் கோத்துக்கொண்டே இருந்தார். நான்தான், "நான் ஒரு தரம் போய்ப் பார்க்கவா?" என்று கேட்டேன்.

"எங்க?"

"அந்தக் குழாய் லைனுக்கு."

"ஆம்பிளைங்களே பேரு குடுக்கல. நீ போயி என்னம்மா பண்ணப் போற? பொம்பளப் புள்ள பேப்பர் மூட்டையத் தூக்கிக்கிட்டு அலையுறதா?" நானாவுக்கு உண்மையாகவே மனசு கேட்கவில்லை. என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "போயிட்டு வா" என்றார்.

என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்த காலை நேரம். குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. அன்றைக்குக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். நான் யார் என்று சொன்னதும் ஒருத்தி, "குழாயப் பத்தி எழுதினவரு வீட்டுக்காரியா?" என்று கேட்டாள். அப்பம் சுட்டு விற்கும் பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், பெரிய குரல். நான் விஷயத்தைச் சொன்னேன். கடையில் கொடுக்க முடியாது, வீட்டுக்குத்தான் வரும், பெயர் வேண்டும், ஆண்கள் பயப்படுகிறார்கள்.

"அவங்க பேரு எதுக்கு? வீட்டுல நாங்க இல்லையா?" என்றாள் அவள். "எம் பேர எழுதிக்க. நான் யாருகிட்டயும் வேல பாக்கல. அப்பத்த நிறுத்திருவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த யோசனை எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. பத்திரிகை என்றால் ஆண் பெயருக்குத்தான் வரும் என்று, பிழை திருத்திக்கொண்டிருந்த நானே நினைத்திருந்தேன். அவள் பெயரை எழுதினேன். அவளுக்குப் பின்னால் நின்றவள், "எனக்கும்" என்றாள். மூன்றாவது பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, எதற்கும் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அப்பக்காரி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, எழுதிக்கங்க" என்று முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை நானே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். அப்பக்காரி வீட்டு வாசலில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார். பத்திரிகையின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து முகம் சிவந்துவிட்டது.

"யாரக் கேட்டுப் பேரு குடுத்த?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"எம் பேருதானே? அத யாரக் கேட்டுக் குடுக்கணும்?" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "வேணாம்னா நீங்க படிக்காதீங்க."

அவர் என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்து பிரித்தார். நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

இப்படித்தான் பரவியது. ஒரு லைனில் இருப்பவளுக்கு இன்னொரு லைனில் அக்காவோ நாத்தனாரோ இருப்பாள். செம்பவாங்கில் கடற்படைத் தளத்துக் குடியிருப்பு வரைக்கும் பஸ் ஏறிப் போனேன். அந்தப் பஸ் பயணங்களை இப்போது நினைத்தாலும் மனசு லேசாகிறது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், மடியில் பத்திரிகைக் கட்டு, சன்னல் வழியாக ஈரமான காற்று. போகிற இடமெல்லாம் ஏதாவது கொடுப்பார்கள். ஒரு வீட்டில் இடியாப்பம், ஒரு வீட்டில் முருங்கைக்கீரைக் கட்டு, ஒரு மலையாளத்து அம்மா வீட்டில் எப்போதும் ஜீரகத் தண்ணீர். பேப்பர்ப் பையோடு போய்ப் பலகாரப் பையோடு திரும்புகிறாய் என்று என் கணவர் சொல்வார். அப்படியெல்லாம் அவர் பேச ஆரம்பித்திருந்தார்.

வீட்டுக்கு ஒன்று என்றாலும் படிப்பது பலர். படிக்கத் தெரிந்தவள் திண்டாடிப் போவாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் அவள் வாசலில் கூடிவிடுவார்கள். அஞ்சடியில் ஆண்கள் கேட்ட மாதிரியே இப்போது இவர்கள் கேட்டார்கள். ஆனால் ஆண்கள் கேட்காத கேள்வி எல்லாம் என்னிடம் கேட்டார்கள். "பொறந்த புள்ளைக்குச் சூரணம் எங்க கெடைக்கும்னு போட மாட்டீங்களா?" "பேறுகாலத்துக்கு ஆசுபத்திரிக்குப் போனா அங்க தமிழ் பேசுறவங்க இருக்காங்களா?" "பொம்பளப் புள்ளைங்கள எத்தன வயசு வர பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்க?" நான் கேட்டுக்கொண்டு வந்து சொல்வேன், என் கணவர் விசாரித்து எழுதுவார். கொஞ்ச நாளில், "நீயே எழுது" என்றார். மூன்றாம் பக்கம் என் பக்கமானது அப்படித்தான். அதில் என் பெயரைப் போட்டுக்கொள்ள மட்டும் எனக்குக் கூச்சம். போடவே இல்லை.

ஒரு சனிக்கிழமை குழாய் லைனுக்குப் போகும் வழியில் இரண்டு பேர் என்னை நிறுத்தினார்கள். ஒருவர் அதிகாரி, வெள்ளைக்காரர். கூட வந்தவர் மொழி பெயர்க்க வந்த தமிழ் இளைஞர். பையில் என்ன என்று கேட்டார்கள். பத்திரிகை என்றேன். யாருக்கு என்றார்கள். சந்தாதாரர்களுக்கு என்றேன். அதிகாரி ஏதோ சொன்னார். இளைஞர் என்னிடம், "கூட வந்து பாக்கணும்னு சொல்றாரு. நீங்க உங்க வேலையப் பாருங்க அக்கா" என்றார். அந்த 'அக்கா' கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது.

நான் முன்னால், அவர்கள் பின்னால். ஒவ்வொரு வாசலிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வழக்கமாக அப்படிக் கூப்பிடமாட்டேன், அக்கா, மாமி என்பதுதான். அன்றைக்கு முழுப் பெயர். பெண்கள் வெளியே வந்து, என் பின்னால் நிற்பவர்களைப் பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு, "என் பேப்பரா? குடுங்க" என்று வாங்கிக்கொண்டார்கள். அப்பக்காரி அதிகாரிக்கு ஒரு நாற்காலியே கொண்டுவந்து போட்டாள். கடைசி வீட்டில் வயதான ஒரு அம்மா. பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி அதைக் கவனித்துவிட்டார். இளைஞர் கேட்டார், "பாட்டி, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குப் பேப்பர்?"

"பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுச் சொல்லும். எம் பேரு எழுதி வீட்டுக்கு வர்றது இது ஒண்ணுதான்யா. வந்த நாள்லேருந்து இந்த ஊருல வேற எதுவும் எம் பேருக்கு வந்ததில்ல."

இளைஞர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சொல்ல வேண்டியதற்கு மேலேயே கொஞ்சம் நீளமாகச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. அதிகாரி தலையாட்டினார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் அப்பக்காரி போட்ட அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குழாய்த் தண்ணீர்தான்.

அந்த லைனுக்குச் சில மாதம் கழித்து இரண்டாவது குழாய் வந்தது. நாங்கள் எழுதியதால் வந்ததா, எப்படியும் வர இருந்ததா, தெரியாது. நானா மட்டும் சந்தேகமே இல்லாமல் எல்லாரிடமும் எங்களால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகையை நிறுத்தச் சொன்னதே அவர்தான் என்பதை நாங்கள் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. தேர்தல், ஊர்வலம், ஒலிபெருக்கி என்று ஊரே வேறு மாதிரி ஆனது. ஒரு வருஷம் பெர்மிட்டில் அந்த நிபந்தனை இல்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறுபடி முடிதிருத்தும் கடை, வெற்றிலைக் கடை, சரபத் கடை. பழைய ஆட்கள் பெஞ்சுக்குத் திரும்பிவந்தார்கள். படித்துக் காட்டுகிறவருக்கு மட்டும் பல் விழுந்து, 'ச' எல்லாம் காற்றாகப் போனது. இனிமேல் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்வதற்காக நான் லைன்களுக்குப் போனேன். ஒருத்தியும் கேட்கவில்லை.

"கடையில வாங்கினா அவரு மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு வருவாரு. எம் பேருக்கு வரட்டும்" என்றாள் அப்பக்காரி. ஆகவே நான் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டேயிருந்தேன். முதலில் வயிற்றில் பிள்ளையோடு, பிறகு இடுப்பில் பிள்ளையோடு.

தடையால் சாகாத பத்திரிகை வீடு மாறியதால்தான் தளர்ந்தது. அடுக்குமாடி வீடுகள் எழும்ப எழும்ப லைன்கள் காலியாயின. ஒரு குடும்பம் குவீன்ஸ்டவுனுக்கு, ஒன்று தோ பாயோவுக்கு. பக்கத்துப் பக்கத்து வாசல்களில் முடிகிற வேலைக்கு இப்போது ஊர் முழுக்கச் சுற்ற வேண்டியிருந்தது. யாரையும் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளேயே குழாய், திறந்தால் தண்ணீர். அவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள். சர்க்கரை வியாதி முற்றியதால் நானா ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தார். கட்டடத்தை விற்கும்போது இயந்திரத்தையும் விற்றாக வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் கணவரின் தோளில் கை வைத்துக்கொண்டு அழுதார். "நான் ஒரு துணி வியாபாரி தம்பி. என்னயப் போயி பத்திரிகக்காரனாக்கிட்டியே" என்றார்.

கடைசி இதழுக்கு விடைபெறும் குறிப்பு எழுத என் கணவர் மூன்று தரம் உட்கார்ந்து மூன்று தரமும் கிழித்துப்போட்டார். கடைசியில் வழக்கமான செய்திகளோடு, அடுத்த வாரம் முதல் வராது என்று இரண்டு வரி மட்டும் போட்டார். மூன்றாம் பக்கத்தின் கீழே என்னைக் கேட்காமல் என் பெயரைக் கோத்துவிட்டார். பிழை பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

அந்த இதழோடு தோ பாயோவில் அப்பக்காரி வீட்டுக்குப் போனேன். புது வீடு, சுவரில் சுண்ணாம்பு வாசனை, சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் அவள் மகள் படித்துக் காட்டுகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். அந்த இரண்டு வரியையும் மகள் படித்தாள். அப்பக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இனி சனிக்கெழம நீ வர மாட்டியா?"

"எதுக்கு வரப் போறேன் அக்கா, பேப்பர் இல்லையே."

"பேப்பர் இல்லாட்டி என்ன, வழி மறந்துருமா? உக்காரு. அடுப்புல அப்பம் இருக்கு, இரு" என்று உள்ளே போனாள்.

நான் அந்தப் புதுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மகள் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, கீழே இருந்த பெயரில் விரலை வைத்து, "இது நீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.